வைகுந்தமணியோடு தங்கிய காற்று

உடைவிளை என்ற ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற செம்மணல் தேரியில் மழை என்பது பிறர் சொல்லக் கேட்ட சங்கதி, காற்றுதான் கண்ணால் கண்ட சங்கதி. ஆனியில் கிளம்பி ஆடி முழுக்க அடிக்கிற மேல்காற்று, செக்கச் செவேலென்று கிடக்கிற மணல்மேட்டை இங்கேயிருந்து தூக்கி அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். நேற்று வேலி நின்ற இடத்தில் இன்று மேடு நிற்கும், நேற்று மேடு இருந்த இடத்தில் யாரோ எப்போதோ தொலைத்த செப்புக்குடம் வெளியே தெரியும். அந்தக் காற்றோடு பிறந்து வளர்ந்த ஜனங்கள் அதைத் திட்டியிருக்கிறார்கள், அதில் நெல் தூற்றியிருக்கிறார்கள், துணி காயப்போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனுக்குப் பின்னால் அது நாய்க்குட்டி மாதிரி நடந்துபோகும் என்று சொர்ணபுஷ்பம் மண் வாரித் தூற்றிய நாள்வரைக்கும் அவர்கள் யாரும் நினைத்ததில்லை.

சொர்ணபுஷ்பத்துக்குப் பஞ்சாயத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. அந்த வேலையோடு சேர்ந்து வந்தது மைக். தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டியிருந்தார்கள். வரி கட்டச் சொல்வது, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருப்பது, காணாமல்போன ஆடு, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குப் போகும். மழை பெய்யாத அந்த வருஷம், தேரியில் புல் நரைத்து, பனையோலை தொட்டால் பொடியாகிற ஆடி மாதத்தில், காற்று மிகப் பலமாக அடிக்கும் என்று மேலிடத்திலிருந்து போனில் சொன்னார்கள். அவள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கும் நாளைக்கும் காத்து ரொம்பப் பலமா அடிக்குமாம். யாரும் சருகு கொளுத்தாதிய. வெளியில அடுப்பு மூட்டாதிய. பீடி குடிக்கவங்க மிதிச்சு அணைச்சிட்டு, மணலப் போட்டு மூடிட்டுப் போங்க."

அந்தக் குரல் மேற்கே வைகுந்தமணியின் முந்திரித்தோப்பு வரைக்கும் போனது. தோப்பை ஒட்டி முள்ளும் உடைமரமுமாக அடர்ந்து கிடந்த புறம்போக்கின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். அது வெந்து வெறும் மணலாகிவிட்டால் வேலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு வேலையாட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மைக்கில் வந்த சொல் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, கையில் இருந்த மண்ணெண்ணெய்க் கேனைச் சருகின்மேல் சரித்தார்.

தீ மேட்டின் முதுகில் ஏறி நின்று ஊரைப் பார்த்தது. பிறகு எரிகிற ஓலைகள் செங்கால் பறவைகள் மாதிரிப் பறந்துபோய் அடுத்த மேட்டில் இறங்கின, அங்கேயிருந்து அதற்கடுத்த மேட்டில். கிழக்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான் சொர்ணபுஷ்பத்தின் புருஷன் தவசிலிங்கம். ஆடுகளை வெறுமணல் பக்கமாக விரட்டிவிட்டு, முள்ளுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு சினையாட்டுக்காகத் திரும்பிப் போனான். அவனுக்கு இளைப்பு உண்டு, பனிக்காலத்தில் நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குகிறவன். புகை அவனுக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. மத்தியானம் ஆடுகள் காது கருகிப்போய், மேய்ப்பவன் இல்லாமல், தாங்களாகவே வீடு வந்து சேர்ந்தன. சொர்ணபுஷ்பம் அப்போது தொட்டிமேல் நின்று வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். புகை முதலில் எங்கே எழுந்தது என்பதை அங்கேயிருந்து பார்த்திருந்தாள்.

அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வைகுந்தமணி அவர்களுக்கு நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். "பாவம், ஆடு மேய்க்கப் போனவன் பீடிய அணைக்காமப் போட்டுட்டான். அவனும் போய்ச் சேந்துட்டான், யாரக் குத்தம் சொல்ல?" என்றார். ஊர் சுற்றி நின்றது. அதில் பாதிப் பேர் அவர் தோப்பில் கொட்டை பொறுக்குகிறவர்கள், மீதிப் பேர் அவர் கிணற்றுத் தண்ணீரில் வெற்றிலைக்கொடி போட்டவர்கள். "அப்படித்தானா?" என்று அதிகாரி கேட்டபோது தலைகள் ஆடின. டீக்கடைப் பிச்சைக்கனியின் தலையும் ஆடியது. அவர் கடை பெஞ்சில் யாராவது பீடி பற்றவைத்தால், கிளாசைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு எழுந்துபோகிறவன் தவசிலிங்கம். அது பிச்சைக்கனிக்குத் தெரியாததல்ல.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மத்தியானம், தவசிலிங்கம் விழுந்து கிடந்த இடத்தில் பாதி சிவப்பும் பாதி கருப்புமாக இருந்த மண்ணை முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டு சொர்ணபுஷ்பம் வைகுந்தமணி வீட்டு வாசலுக்குப் போனாள். காற்று ஆளைத் தள்ளியது. அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க," என்றாள்.

அவர் கையை உதறிக்கொண்டு வந்து நடையில் நின்றார். "என்ன பிள்ள, விசேஷமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"காத்து மேக்கயிருந்து கிழக்க அடிச்சுது. அவரு கிழக்க நின்னாரு. நீங்க மேக்க நின்னிய. தீ காத்த எதுத்து நடக்குமா?"

"துக்கத்துல பேசுத. வீட்டுக்குப் போ."

"போறேன்," என்றாள். முந்தானையை அவிழ்த்தாள். அவள் பேச்சு அதற்குப் பிறகு அவரைப் பார்த்து இல்லை, தன் முதுகில் மோதிக்கொண்டிருந்த காற்றைப் பார்த்து. "பாத்த சாட்சி நீ ஒண்ணுதான். மத்தவங்க எல்லாம் தலையாட்டிட்டாங்க. இவரு வாயால உண்மை வாரவரைக்கும் இவரு கூடவே இரி. திங்கையில, தூங்கையில, குளிக்கையில, கூடவே இரி." இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

மண் கீழே விழவில்லை. வைகுந்தமணியின் தலையைச் சுற்றி ஒரு வட்டம், இடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் என்று சுழன்றுகொண்டே நின்றது. ஊரின் மற்ற இடங்களில் அந்தக் கணமே காற்று நின்றுபோனது. முருங்கை இலை அசையவில்லை, கொடியில் கிடந்த சேலைகள் தொங்கின, ஆடி மாதத்தில் ஜனங்கள் விசிறி தேடினார்கள். தேரிக் காற்று மொத்தமும் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

முதலில் எல்லோரும் அது அவர் வீட்டு விஷயம் என்றுதான் இருந்தார்கள். வீடு பூட்டியிருந்தாலும் உள்ளே கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இலையில் வைத்த சோறு பறந்து சுவரில் ஒட்டியது. அவர் மனைவி மரகதவடிவு அடுப்புப் பற்றவைத்தால் தீ அடுப்பைவிட்டு இறங்கிக் கூரையைப் பார்த்தது. இரண்டு தடவை குடத்தோடு தண்ணீரைக் கொட்டி அணைத்த பிறகு, புருஷன் வீட்டில் இருக்கும்போது அடுப்பு மூட்டுவதையே அவள் விட்டுவிட்டாள். வைகுந்தமணி காபி குடிக்கப் பஜாருக்கு வந்தார். பிச்சைக்கனியின் அடுப்பிலிருந்து ஒரு நாக்கு எழுந்து பந்தல் ஓலையை நக்கியது. ஆட்கள் மண்ணள்ளிப் போட்டு அணைத்தார்கள். பிச்சைக்கனி கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய, காப்பிய வீட்டுக்குக் கொடுத்துவிடுதேன்," என்றார். அன்றுதான் அது ஊர் விஷயமானது.

மறுநாளிலிருந்து மைக்கில் அறிவிப்பு வரத் தொடங்கியது. அடுப்பு விபத்து நடக்கக்கூடாது என்று பஞ்சாயத்தே சம்மதித்துவிட்டது. சொர்ணபுஷ்பம் ஒரு சொல்கூட மரியாதை குறைக்கவில்லை. "வணக்கம். வைகுந்தமணி அண்ணாச்சி வீட்டுலயிருந்து கெளம்பிட்டாவ. கோயில் தெரு வழியா பஜாருக்கு வாராவ. அடுப்பு எரிக்கவங்க அணைச்சுக்கிடுங்க. வெளக்கு வச்சவங்க உள்ள எடுத்து வைங்க. சின்னப் பிள்ளையள பிடிச்சுக்கிடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணாச்சி திரும்பிப் போறாவ. அடுப்பு பத்தவைக்கலாம்."

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. உளுந்து தூற்ற வேண்டியவர்கள் சொளவோடு அவர் வீட்டு முக்கில் காத்திருந்தார்கள், அவர் கடந்து போகிற கொஞ்ச நேரத்தில் உமி எல்லாம் பறந்து சுத்தமானது. ஈரத்துணியை அவர் தெருவில் காயப்போட இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. பிள்ளைகள் பட்டத்தோடு அவருக்குப் பின்னால் தூரமாக நடந்தார்கள். தெற்கே வரிசையாக நிற்கிற காற்றாலைகள் வேறு நேரத்தில் செத்த மாதிரி நின்றுவிட்டு, அவர் கார் போகும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின, அங்கே காவலுக்கு இருக்கிறவர் எழுந்து நின்று சலாம் போட்டார். தலைமுடி வெட்டுகிறவர் அவரைக் கட்டிப்போடாத குறையாகப் பிடித்துக்கொண்டு வெட்டினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் மணமேடையில் ஓமம் வளர்க்கிற கதையை நினைத்து, வெற்றிலைத் தட்டை நடையில் வைத்துவிட்டு, "நீங்க மனசார ஆசீர்வாதம் பண்ணுனா போதும், அண்ணாச்சி, அலைய வேண்டாம்," என்று சொல்லிப் போனார்கள்.

அவர் தூத்துக்குடிக்குப் போய் லாட்ஜில் தங்கிப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்த பிறகு பெட்டியைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மந்திரிக்கிற ஒருவரை அழைத்துவந்தார். அவர் வேப்பிலையைக் கையில் எடுத்தார், வேப்பிலை பறந்தது, அவரும் தன் துண்டைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விட்டார். மண் மட்டும் கண்ணிலும் காதிலும் பல்லிடுக்கிலும் புகுந்து வெளியே வந்து மறுபடியும் சுழன்றது.

கார்த்திகை வாக்கில் மரகதவடிவு சொர்ணபுஷ்பத்தைத் தேடித் தொட்டியடிக்கு வந்தாள். தலைமுடியில் சிவப்பு மண் படிந்து, எண்ணெய் கண்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"சொர்ணம், அவரு தூங்கி எத்தனையோ நாளாச்சு. வீட்டுல நான் ஒழுங்கா சோறு பொங்கல. போதும்மா."

சொர்ணபுஷ்பம் வால்வைத் திருகுவதை நிறுத்தவில்லை. "நான் கேட்டது ஒண்ணுதான், மயினி. பீடியில்ல, நான்தான் வச்சேன்னு இந்த மைக்குல வந்து சொல்லச் சொல்லுங்க."

"அவரு எப்படிச் சொல்லுவாரு? உள்ள பிடிச்சுப் போட்டுருவாங்க."

"என் வீட்டுக்காரர மண்ணுல போட்டாச்சு. போட்டது மட்டுமில்ல, ஊரக் கொளுத்துனவன்னு பேர் வச்சுப் போட்டிருக்காங்க."

"நான் என்ன செஞ்சேன் உனக்கு?"

"அன்னைக்கு அவரு சட்டைய யாரு தொவச்சா?"

அந்தச் சட்டையில் என்ன வாடை அடித்தது என்று மரகதவடிவுக்குத் தெரியும். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினாள். அந்த வாரமே தன் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பங்குனியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. வருஷா வருஷம் முதல் மரியாதை வாங்குகிற வைகுந்தமணியிடம் கோயில்காரர்கள் போய், தீச்சட்டி எடுக்கிற நேரம் என்பதால் அவர் தோப்பிலேயே இருந்து கும்பிட்டுக்கொள்வது நல்லது என்று பணிவாகச் சொன்னார்கள். அவர் கோபப்பட்டு அவர்கள் பார்த்ததில்லை, அன்று பார்த்தார்கள். அன்றைக்கு அவர் மனதில் ஒன்று உறைத்தது. தேரி காய்ந்து கிடக்கிறது, ஓலைவேலிகள் காய்ந்து கிடக்கின்றன, காற்று மொத்தமும் தன்னிடம் இருக்கிறது. அப்படியென்றால் ஊர்தான் தனக்குப் பயப்பட வேண்டும், தான் ஊருக்கு இல்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு முழுப் பெட்டி தீக்குச்சியோடு வந்து சொர்ணபுஷ்பத்தின் ஓலைவேலிக்கு முன்னால் நின்றார். வேலி இரைந்தது.

"ஏ சொர்ணம், மைக்குக்குப் போ," என்றார். "உன் புருஷன் பீடிதான் காரணம்னு உன் வாயால சொல்லு. இந்தக் காத்தத் திரும்பக் கூப்பிடு. இல்லன்னா இந்த ஊருல ஒரு கூரை மிஞ்சாது."

ஊர் ஓடிவந்தது, ஆனால் பக்கத்தில் வரவில்லை. பிச்சைக்கனி மட்டும் கொல்லை வழியாகப் புகுந்து அவளிடம் வந்தார். "மக்கா, ஒரு வார்த்த சொல்லிரு. வெறும் வார்த்ததான. பிள்ளகுட்டி எல்லாம் வெந்து போவும்."

"எல்லாத்துக்கும் வெறும் வார்த்ததான், மாமா," என்றாள். "நீங்க அன்னைக்கு அதுகூடச் சொல்லல, தலையத்தான் ஆட்டுனிய."

ஆடுகளை அவிழ்த்து வெறுமணல் பக்கம் விரட்டினாள். பிறகு படலைத் திறந்துகொண்டு வெளியே வந்து வைகுந்தமணிக்கு நேர் எதிரே நின்றாள். சுழல்கிற மண் அவள் முகத்தில் அறைந்தது, அவள் கண்ணை மூடவில்லை.

"கொளுத்துங்க, அண்ணாச்சி. தீ எங்கயிருந்து கெளம்புதுன்னு இந்தத் தடவ எல்லாரும் நேர்ல பாக்கட்டும்."

அவர் குச்சியைக் கிழித்தார். பொறி வந்தது, அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தார். உள்ளங்கையைக் குவித்து, முதுகைத் திருப்பி, குனிந்து, வேட்டியை விரித்து மறைத்துக் கிழித்தார். மண்ணில் மண்டியிட்டு, வயிற்றுக்குக் கீழே வைத்துக் கிழித்தார். எரிகிற அடுப்பைக் கூரைக்கு ஏற்றத் தெரிந்த காற்று, அவர் கையிலிருந்து ஒரு தீ பிறப்பதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. குச்சிகள் தலை மட்டும் கருகி அவர் காலடியில் குவிந்தன. பெட்டி காலியானதை அவர் நம்பாமல் விரலை விட்டுத் துழாவியபோது, ஊர் அவரைப் பார்த்த பார்வை மாறிப்போயிருந்தது.

பிச்சைக்கனி முன்னால் வந்தார். அவர் சத்தமாகப் பேசவில்லை. "தவசிலிங்கம் பீடியே குடிக்க மாட்டான். எங் கடையில வாட பட்டாலே எந்திரிச்சுப் போயிருவான்."

"அன்னைக்கு எங்கள வேலைக்கு வராண்டாம்னு சொன்னியளே, எதுக்கு?" என்று தோப்பில் கொட்டை பொறுக்குகிற ஒருத்தி கேட்டாள்.

"காத்து மேக்கயிருந்துல்லா அடிச்சுது," என்றது கூட்டத்தில் ஒரு குரல். அப்புறம் அதையே இன்னொரு குரல். ஒருவர் சொன்னதும் மற்றவருக்குச் சொல்ல வந்தது. அவர்கள் நெருங்கி வந்தார்கள். காற்று அவர்கள் துண்டுகளைப் பறித்துக்கொண்டு போனது, அவர்கள் நிற்கவில்லை.

வைகுந்தமணி காலிப்பெட்டியை வீசி எறிந்தார். அது எங்கும் போகாமல் அவர் தலையையே சுற்றியது. "ஆமா," என்றார். "நான்தான் வச்சேன். என் தோப்பு, என் சருகு, நான் வச்சேன். அதுக்கு என்ன இப்போ?"

அந்தச் சொல்லைக் காற்று எடுத்துக்கொண்டது. அவர் வாயிலிருந்து வந்த அதே குரலில், அதே ஆத்திரத்தில், அது தெருவைத் தாண்டிப் போனது, மேடுகளைத் தாண்டிப் போனது. உப்பளத்தில் குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்து கேட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரம் குலுங்கி, நான்தான் வச்சேன் என்று எழுத்தர் காதில் தெளிவாக விழுந்தது. பிறந்த ஊரில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மரகதவடிவு விளக்குமாற்றைக் கீழே போட்டாள். காற்று அதோடு கடல்மேல் ஏறிப் போய்விட்டது.

அவரைச் சுற்றிக்கொண்டிருந்த மண் தரையில் விழுந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டு கை மண் இருக்கும். வைகுந்தமணி வேட்டி தொங்க, முடி படிய, பழைய ஆளாக நின்றார். அவருக்குக் காதில் சத்தம் நின்றுபோனதே தாங்கவில்லை போல, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருட்டுவதற்குள் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஊர் சொர்ணபுஷ்பத்தின் வீட்டுக்கு வரிசையாக வந்தது. பணியாரம் கொண்டுவந்தார்கள், முந்திரிக்கொத்து கொண்டுவந்தார்கள். அவள் படலைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் ஆடுகள் தின்றன.

மழையில்லாமலே ஐப்பசி வந்தது, காற்றுக்காலம் முடிந்து இலை அசையாமல் நிற்கிற மாதம். வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஜாமீனில் வந்த வைகுந்தமணி ஒரு காலைப்பொழுதில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். மெலிந்திருந்தார். அவரோடு ஒரு சின்னக் காற்றுகூட இல்லை. மைக்கில் அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஆனாலும் அவர் பஜாருக்குள் நுழைந்ததும் பிச்சைக்கனி அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். அடுத்த வீட்டில் ஒருத்தி விறகை இழுத்து மணலில் புதைத்தாள். கோயில் பூசாரி விளக்குத் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அணைத்தார். வைகுந்தமணி பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டார். கடைக்காரர் தனக்குப் பின்னால் அடுக்கியிருந்த தீப்பெட்டிக் கட்டுகளைத் திரும்பியும் பார்க்காமல், "இல்ல அண்ணாச்சி, ஸ்டாக் இல்ல," என்றார். அவர் போகிற தெருவில் புகை நின்றது, அவர் கடந்தபின் மறுபடி எழுந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. தோப்பு வீட்டில் அவர் ஊறவைத்த அவலும் பச்சைத் தேங்காயும் தின்றுகொண்டு, சாயங்காலம் ஆனால் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மரகதவடிவு திரும்பி வரவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் அவர் சொர்ணபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார். படல் திறந்திருந்தது. முற்றத்து அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சொர்ணம், ஒரு கொள்ளிக்கட்ட தா," என்றார். "என் வீட்டுல ஒரு வாய் சுடுசோறு தின்னு வருஷமாச்சு. நீ கேட்டத நான் சொல்லிட்டேன்ல?"

அவள் அடுப்பை அணைக்கவில்லை. அந்த ஊரில் அவரைக் கண்டு அணையாத அடுப்பு அது ஒன்றுதான்.

"சொல்லிட்டிய," என்றாள்.

அரிசியைக் களைந்து போட்டாள். விறகைத் தள்ளிவிட்டாள். வடித்துவிட்டு, அதே தணலில் கருவாட்டைச் சுட்டாள், வத்தலை வறுத்தாள், ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடிக்கிற சத்தமும் வாசனையும் முற்றம் முழுக்கப் பரவியது. அவர் நின்றார். போகச் சொன்னால் போயிருப்பார், அவள் போகச் சொல்லவில்லை. உள்ளே வரவும் சொல்லவில்லை. கொள்ளிக்கட்டையை எடுத்து நீட்டவும் இல்லை. தீ நிதானமாக, நேராக, எந்தப் பக்கமும் சாயாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆவி பறக்கிற சோற்றைக் கிண்ணியில் போட்டுக்கொண்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தவசிலிங்கம் போனதிலிருந்து நாலு கவளத்துக்குமேல் அவளுக்கு இறங்கியதில்லை. அன்றைக்குப் பிசைந்து, ஊதி, ஆறவைத்து, மெதுவாகத் தின்றாள். பிறகு இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள்.